வெயிலில் வைத்த கிருமி

சிவகாசியில் அவசரம் என்றால் என்னவென்று தெரியாமல் பிறந்த ஒரே மனிதர் ஆமை அண்ணாச்சி. திரி பற்றியதும் ஓடக் கற்ற ஊரில் அவருடைய நடையே ஓர் எதிர்ப்பு ஊர்வலம். நோயாளிகளின் சளியிலிருந்து கிருமி வளர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. கிருமிகளை 'அவுக' என்பார். மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடையாது.

என் அக்கா வீட்டுக்காரர் பட்டாசு கம்பெனி முதலாளி. விடாத இருமல். நுரையீரலில் ஏதோ கிருமி, காசநோயா வேறா என்பது வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அதுவரை புதிதாகப் பிறந்த பேத்தியைத் தொடக் கூடாதென்று அக்கா தடை போட்டாள். மச்சானுக்கு வாசலில் நின்று தொட்டிலைப் பார்க்க மட்டும் அனுமதி.

தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய் நிற்பார்.

"அண்ணாச்சி, வளந்துச்சா?"

"ஏலே, மத்த கிருமி அரைமணியில ரெண்டாகும். அவுக ரெண்டாக ஒரு நாளாகும். மேலெல்லாம் மெழுகுச் சட்டை. சாப்பாடு உள்ள இறங்கவே நேரமாகும்லா."

"ரெட்டை ஷிப்டு போடச் சொல்லுங்க. சீசன் நெருங்குது."

"அவுகளுக்கு தீபாவளி கிடையாது."

கிருமிகளுக்கு முட்டையும் பச்சைச் சாயமும் கலந்த விருந்து, இதமான சூட்டில் இருட்டுப் பெட்டி. மாமியார் வீட்டில் மச்சானுக்கே கிடைக்காத உபசாரம். சில வாரங்களில் குப்பிக்குள் வெளுத்த ரவை போல ஏதோ தெரிந்தது.

"காசநோய்க்காரவுகளா, வேற ஆளான்னு இன்னும் பாக்கணும்" என்று அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். அது தனிக் காவியம்.

வெடிமருந்து தோய்த்த திரியோ, வேறெதுவோ, தாமதமானால் வெயிலில் வைப்பதே எங்கள் ஊர் வைத்தியம். மச்சான் மூடிய குப்பியை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார்.

திரும்பி வந்த அண்ணாச்சியின் முகம் வெளிறியது. "மூடியத் தொறந்தியா?"

"இல்லண்ணாச்சி. சும்மா காயட்டும்னு..."

"கையக் கழுவுலே. இது என்ன மத்தாப்பா?"

மறுநாள் ரவை எலுமிச்சை மஞ்சளாகியிருந்தது. அண்ணாச்சி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "வெளிச்சம் பட்டா மஞ்சளாகுற இனம் வேற, காசநோய் இல்ல. நானே இன்னைக்கு வெளிச்சத்துல வைக்கிறதா இருந்தேன். இவுக குழாய்த் தண்ணியில இருக்கவுக. ஆள்விட்டு ஆள் தொத்த மாட்டாக. சென்னையில உறுதி பண்ணட்டும். அதுவரைக்கும் பிள்ளையத் தொடாத."

உறுதி வந்த அன்று போனில் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி உச்சி வெயிலில் வேர்த்து வழிந்து அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தூக்குலே பிள்ளைய. மாத்திரை மட்டும் ஒரு வருசம் விடாமத் திங்கணும். அவுக போறதும் மெதுவாத்தான்."

மச்சான் தொட்டிலிலிருந்து பேத்தியைத் தூக்கினார். அவர் தோளில் அவள் தூங்கும்வரை அண்ணாச்சி கிளம்பவில்லை. அந்தத் தாமதத்தை மட்டும் எங்களில் யாரும் குறை சொல்லவில்லை.