டப்பில் மிதந்த பதினொரு பெயர்கள்

அன்றைக்கு எங்கள் திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ஸ்டெல்லா, பழைய பாக்டரி சிநேகிதர்கள் பத்துப் பேர், ஸ்டிக்கர் கடை பபுள் அண்ணன். கடைசியாக வந்த மோசஸ். இவர்களோடு ஒரு பிளாஸ்டிக் டப். டப்பில் சோப்புத் தண்ணீர். அதில் எங்கள் பதினொரு பேரின் பெயர்கள், எழுத்து எழுத்தாகக் கழன்று மிதந்துகொண்டிருந்தன.

பபுள் அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றை ஜென்ம விரோதியாக நினைத்துக்கொண்டு, அதுவும் கடலோரத்தில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஸ்டிக்கருக்கு அடியில் கடுகளவு காற்று மாட்டிக்கொண்டு குமிழி தட்டினால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அந்தப் பெயர். சட்டைக் காலரில் எப்போதும் ஒரு குண்டூசி. நம்பர் பிளேட்டோ, படகு மூக்கோ, யார் ஒட்டிய ஸ்டிக்கராக இருந்தாலும் சரி, குமிழி கண்ணில் பட்டால் குத்தி, கட்டைவிரலால் நீவிவிட்டுத்தான் நகருவார்.

ஒருநாள் சிக்னலில் நின்ற ஆட்டோவின் முதுகில் இப்படிக் குத்திக்கொண்டிருக்கும்போது பச்சை விழுந்துவிட்டது. ஆட்டோ கிளம்பியது. அண்ணன் விரலை எடுக்கவில்லை. கூடவே ஓடினார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெர்சு, இன்னாய்யா வோணும் உனக்கு?" என்று கத்தினார்.

"ஒண்ணியும் வோணாம் நைனா. உள்ள கீற காத்து மட்டும் வெளிய வர்ணும்!"

அவருடைய சொந்த மாமனார் சாவுக்கு வந்த வண்டியின் கண்ணாடியிலும் ஒரு குமிழி இருந்ததாம். அழுதுகொண்டே குத்தினார் என்றும், குத்தியபிறகு அழுகை நின்றுவிட்டது என்றும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் கட்டிங் மெஷின் எழுத்துக்களை வெட்டத் தொடங்கியதும் அவர் வேறு ஆளாகிவிடுவார். வாசலில் சாய்ந்துகொண்டு கடல் இருக்கிற திசையைப் பார்த்தபடி நிற்பார். லாரிகள் போகும், மீன் கூடைகள் போகும், எதுவும் அவர் கண்ணில் படாது. "இன்னாண்ணே பாக்குற?" என்றால், "இவ்ளோ காத்து எங்கேர்ந்து வர்துன்னு பாக்குறேன்பா" என்பார். அந்த நேரத்தில் அவரிடம் சில்லறை கேட்டால் கூடக் கிடைக்காது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கவலைப்படுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை. எண்ணூர் பக்கம் ஓர் இரும்பு வார்ப்புப் பாக்டரியில் எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேர். டீ டைமில் டம்ளர் மாறினால் கைகலப்புதான். அதனால் ஆளுக்கொரு டம்ளர், அதில் ஆணியால் கீறிய ஓர் அடையாளம். மோசஸின் டம்ளரில் மூன்று கோடு. என்னுடையதில் ஒரு பெருக்கல் குறி. பாக்டரியை மூடிய அன்று எல்லாரும் கேட்டில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். போலீஸ் வரும் என்று யாரோ சொன்னார்கள். நான் பின்பக்கக் கேட் வழியாக நழுவிவிட்டேன். மறுநாள் மோசஸ் ராயபுரம் ரயில் ஸ்டேஷனில் என்னைப் பார்த்து, "பயந்தாங்கொள்ளி" என்று ஒரே வார்த்தை சொன்னான். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக அவன் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இந்த வருஷம் எல்லாரும் என் வீட்டில் கூடுவது என்று முடிவானது. பேர் ஒட்டிய ஸ்டீல் டம்ளர் ஆளுக்கு ஒன்று என்பது என் யோசனை. வாட்ஸப்பில் மற்ற எல்லாரும் வருகிறேன் என்றார்கள். மோசஸ் செய்தியைப் பார்த்தான், பதில் போடவில்லை. அவன் பெயரை ஒட்டி, அவன் வராமல் போனால்? பத்துப் பேர் முன்னால் அந்த டம்ளர் தனியாக உட்கார்ந்து என்னையே பார்க்குமே! பபுள் அண்ணன் கடைக்குப் போய் மோசஸ் பெயரைச் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து யோசித்து, திரும்பப் போய் அதை எடுக்கச் சொன்னேன். மறுநாள் மறுபடி சேர்த்தேன்.

நாலாவது தடவை பபுள் அண்ணன் மெஷினை நிறுத்தினார். "இன்னா நைனா பேஜார் பண்ற? அவரு வர்றாரா இல்லியான்னு நான் இன்னா ஜோசியமா சொல்லுவேன்?"

"அவன் பேர எடுத்துடுண்ணே" என்றேன்.

"டம்ளரு டஜனாத்தான் வரும். பன்னெண்டாவத மொட்டையா எடுத்துக்கினு போ. நாளைக்கு சாய்ந்தரம் வரிக்கும் ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது, ஆமா."

நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஸ்டிக்கர் பசை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? பத்துக் குடும்பம் நம்மைச் சும்மா விடுமா? மறுநாள் சாயந்தரம்தான் எல்லாரும் வருவது. மதியம், ஸ்டெல்லா கோயிலிலிருந்து வருவதற்குள், மொட்டை மாடியில் ஒரு டப்பில் பன்னிரண்டு டம்ளரையும் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

வந்து பார்த்தவள் தலையில் கை வைத்தாள். "உன்ன யாருய்யா கழுவச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, அவளே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் வந்தார். வழியில் ஒரு மீன் வண்டியில் குமிழி இருந்ததால் பத்து நிமிஷம் தாமதம். டப்பைப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தால், மனிதர் டப்பின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோ பாரு நைனா" என்றார் மெதுவாக. "அல்லாரும் எப்பிடி ஜாலியா நீந்திகினு கீறாங்க."

கடல்காற்று அடித்தது. எழுத்துக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, விலகி, மறுபடி சேர்ந்தன. சாய்ந்த வெயில் தண்ணீரில் மின்னியது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. எனக்குக் கவலை கொஞ்ச நேரம் மறந்தே போனது.

காலர் குண்டூசியால் ஒவ்வோர் எழுத்தாக மீன் பிடிப்பது போலப் பிடித்து, வேட்டி முனையில் ஒற்றி, டம்ளரைத் துடைத்து ஒட்டினார். போதாத எழுத்துக்களைக் கொண்டுவந்த ஷீட்டில் பிளேடால் வெட்டிக்கொண்டார். சிநேகிதர்கள் ஒவ்வொருவராக மாடியேறி வந்தார்கள். வந்தவனுக்கு வந்த வரிசையில் பெயர் தயாரானது. பதினொன்றும் முடிந்தபோது படியில் கனமான செருப்புச் சத்தம்.

மோசஸ்.

அவன் யாரையும் பார்க்காமல் வந்து, மிச்சமிருந்த டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அல்லாருக்கும் பேரு கீது. என்னுது மட்டும் மொட்டையா கீதே?"

நான் டப்புக்குள் பார்த்தேன். அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "உன்னுத நீ வந்தப்பறம் உன் கண்ணு முன்னாலதான் ஒட்டணும்னு நைனா ஆர்டரு. செவப்பு கலர்ல."

சிவப்பு ஷீட்டில் மோசஸின் பெயரைக் கையாலேயே வெட்டி, ஒட்டி, நீவினார். நீவிய விரல் நடுவில் நின்றது. பெயரின் நட்டநடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு குமிழி. காற்றை ஜென்மத்தில் மன்னிக்காத மனிதர், அதை அப்படியே விட்டார். குண்டூசியை என் கையில் கொடுத்தார்.

"நீ குத்து."

ஊசி முனையைக் குமிழி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். பெயர் கிழிந்துவிட்டால்? மோசஸ் ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பயப்படாதடா" என்றான். "குத்து."

குத்தினேன். உள்ளே இருந்த காற்று போய்விட்டது. மோசஸ் என் மணிக்கட்டை உடனே விடவில்லை. ஸ்டெல்லா டீ ஊற்ற வந்தபோது, அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு எழுத்துக்குக் காசு கொடுக்க அப்புறம் பல தடவை கடைக்குப் போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட மனசு வராது. கொஞ்ச நேரம் நானும் பக்கத்தில் நின்று, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவருக்கு நான் இன்னும் தர வேண்டிய பாக்கி: முப்பது ரூபாய், ஒரு குண்டூசி.