சிசிடிவி அங்கிளும் ஒரு வெற்றுக் கட்டமும்

ஏவன்டேல் புறநகரில் முறையாகச் சந்தேகப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் பயிற்சியில் இருந்தார்கள். தெருவில் எல்லாருக்கும் அவர் சிசிடிவி. யாழ்ப்பாணத்துக்காரர். ஆல்பனியில் ஒரு கடைத்தொகுதியில் காவலர். சென்னையிலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்த நான் அவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன்.

அவர் நம்பாதவற்றை முதல் மாதமே பட்டியலிட்டேன்: ஞாயிற்றுச் சந்தைத் தராசு, பால் புட்டியில் அச்சிட்ட தேதி, நேரத்துக்கு வரும் ரயில்.

"நேரத்துக்கு வருதெண்டால் ஏதோ இருக்கு, பிள்ளை" என்பார்.

வாடகை ஒப்பந்தத்தில் நான் போட்ட கையெழுத்தைப் பாஸ்போர்ட்டில் இருந்ததோடு ஒப்பிட்டார். பிறகு அந்தப் பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதையும் விசாரித்தார்.

இப்படிப்பட்டவரின் மகள் ஆரணி, பள்ளி முடிக்கும் வருடத்தில், தேசப் பாதுகாப்பில் பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"காவலுக்கு எதுக்குப் பட்டம்? நான் பதினைஞ்சு வருஷமாப் பட்டமில்லாமல்தானே நிக்கிறன்?"

"டாட், இது டோர்ல நிக்கிறது இல்ல. பார்டர், போர்ட், சைபர். அப்ளிகேஷன் ஃப்ரைடே க்ளோசஸ்."

படிப்புக் கடனோடு மகளும் தன்னைப்போலக் கடைவாசலில் நிற்பாளோ என்பதுதான் அவர் பயம். ஆகவே சீருடை கண்ட இடமெல்லாம் நிறுத்திக் கேட்டார்: என்ன படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம், முதல் சம்பளம் எவ்வளவு? உறவினரை அழைக்கப் போன விமான நிலையத்தில் ஓர் அதிகாரியிடமும் கேட்டுவிட்டார். அந்த அதிகாரி அவரைத் தனியறைக்கு அழைத்துப் போனார்.

"அரை மணித்தியாலம் என்னை விசாரிச்சவன். நல்ல வேலைக்காரன்" என்றார் திரும்பி வந்து. "சம்பளம் மட்டும் சொல்லேல்லை."

புதன்கிழமை என்னிடம் வந்தார். தரவுகளோடு வேலை செய்பவள் நான். அந்தப் பட்டம் பெற்றவர்கள் முதல் சில வருடங்களில் என்ன சம்பாதிக்கிறார்கள் என்ற அட்டவணையை, பல்கலைக்கழக வாரியாக, அரசாங்க இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று பல்கலைக்கழகங்கள். இரண்டுக்கு எண்கள் இருந்தன. ஆரணி ஆசைப்பட்ட மூன்றாவதற்குக் கட்டம் காலி.

"இதென்ன ஓட்டை? ஆர் அழிச்சது?"

"அங்க படிச்சவங்க ரொம்பக் கம்மி, அங்கிள். எண்ணைப் போட்டா யாரோட சம்பளம்னு கண்டுபிடிச்சிடலாம். அதனால மறைச்சிருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப, மற்ற ரெண்டு பேரும் பிள்ளையளின்ரை சம்பளத்தை ஊருக்குக் காட்டுறாங்கள். இவன் மட்டும் பூட்டி வைச்சிருக்கிறான்." விரலால் அந்தக் காலிக் கட்டத்தைத் தட்டினார். "பாதுகாப்புப் படிப்பிக்கத் தெரிஞ்சவன் இவன்தான்."

மறைத்தது புள்ளிவிவர அலுவலகத்தின் விதி. பல்கலைக்கழகத்துக்கு அதில் பங்கே இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஆரணி என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து விழுந்தது.

ஆரணி படித்து முடித்தாள். துறைமுகத்தில் வேலையும் கிடைத்தது. நான் மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு வீடு மாறிய அன்று மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"அங்கிள், அன்னைக்கு அந்தக் கட்டத்தை மறைச்சது யூனிவர்சிட்டி இல்லை. புள்ளிவிவர ஆபீஸ்."

"தெரியும். அடுத்த நாள் காலமையே அவங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டனான்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

என் கடைசிப் பெட்டியை என் காரில் வைத்து, கதவைச் சாத்தினார்.

"அவள் அங்கதான் போக ஆசைப்பட்டவள். ஓமெண்டு சொல்ல எனக்கொரு சாக்கு வேண்டியிருந்தது."

மவுண்ட் ஆல்பர்ட் பத்து நிமிடத் தூரம்தான். பாதி வழியில் காரின் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னாலேயே அவர் கார் வந்துகொண்டிருந்தது. அவர் பின்தங்கிவிடாமல் மெதுவாகவே ஓட்டினேன்.