இரண்டாவது மாலை

வரைபடத்தை மடித்த மடிப்பில் காணாமல் போன நாடு ஒன்று உண்டு. பெயர் அமைதிபுரி. அங்கே மெய்யர் என்றொரு கிழவர் இருந்தார். பொய் பேசமாட்டார், எறும்பைக்கூட அதட்டமாட்டார். அப்படிப்பட்டவரை விட்டுவைப்பார்களா? இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு வந்த ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அதன்பிறகு அரண்மனைக்கு மெய்யர்மேல் அன்பு பொங்கத் தொடங்கியது.

நினைவுத்துறை அமைச்சர் தாண்டவராயருக்கு ஆண்டு முழுவதும் தூக்கம்தான் அலுவல். மெய்யர் நினைவுநாளில் மட்டும் விழித்திருக்க வேண்டும். அன்று நாடே மௌனம் காக்கும். முதலில் அது ஒரு கொட்டாவி நேரம்தான். மன்னரின் பக்தி வளர வளர மௌனமும் கொழுத்து, இந்த ஆண்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை என்றாகிவிட்டது. சத்தம் போட்டால் சிறை. அகிம்சையை அவமதித்ததற்காகக் கூடுதலாகப் பிரம்படி. அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் பேசுவது பேச்சாகக் கருதப்படாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

முந்தின நாள் பூக்காரி பவுனம்பாள் அமைச்சரிடம் மாலைகளைக் கொடுத்தாள்.

"சிலை ஒண்ணுதானே அய்யா? எதுக்கு வருஷா வருஷம் ரெண்டு மாலை?"

"அது அரசாங்க விவகாரம். பூவைக் கட்டு, வாயையும் கட்டு."

ஒரு மாலையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, தாண்டவராயர் அரண்மனைப் பின்னறையைத் திறந்தார். அங்கே மாட்டியிருந்த படத்துக்கு அதைச் சூட்டினார். படத்தில் இருந்தவனின் கூப்பிய கைகளைப் பார்க்காமல் கதவைப் பூட்டினார்.

மறுநாள் மௌனம் கோலாகலமாகத் தொடங்கியது. பல் வைத்தியர், எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்க முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவரின் பற்கள் எல்லாவற்றையும் பிடுங்கினார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் அத்தைக்குத் தாலி கட்டிவிட்டான். 'நான் இல்லடா' என்று சொல்ல அத்தைக்கு வழியில்லை.

சதுக்கத்தில் நாடே கூடியிருக்க, மன்னர் மற்றொரு மாலையை உயர்த்தினார். மகரந்தம் மூக்கில் ஏறியது. தும்மினார் பாருங்கள், ஒரு தும்மல்! மூன்று ஊர்ப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. மெய்யர் சிலையின் கைத்தடியே ஆடியது.

விலக்கு பேச்சுக்குத்தான், தும்மலுக்கு இல்லை. சட்டப்படி யாராவது சிறைக்குப் போயாக வேண்டும். மன்னர் அமைச்சரை முறைத்தார். அமைச்சருக்குப் பதவி கண்முன்னே ஆடியது. அவர் விரல் நீண்டது.

"தும்மியவள் இந்தப் பூக்காரி! பிடியுங்கள்!"

காவலர்கள் பவுனம்பாளைப் பிடித்தார்கள். கூடை உருண்டது. அப்போது பல்லெல்லாம் போனவர் ஓரடி முன்னால் வந்தார்.

"அந்தப் பொம்பளை இல்ல. ராசாதான் தும்முனாரு."

அவரையும் பிடித்தார்கள். புதுத்தாலியோடு அத்தை வந்தாள். "நானும் பாத்தேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க, வீட்டுக்குப் போறதுக்கு இது தேவலை."

பிறகு சதுக்கமே வரிசையில் நின்றது. ஒரு கல் பறக்கவில்லை, ஒரு வசவு இல்லை. ஆளுக்கொரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டுச் சிறைக்குள் நடந்தார்கள். கடைசியில் பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் காவலர்களும் சொன்னார்கள், "நாங்களும்தான் பாத்தோம்."

பொழுது சாய்ந்தது. வெளியே மிஞ்சியது மன்னரும் அமைச்சரும். அரண்மனையில் அடுப்பு மூட்ட ஆளில்லை. சிறைக்குள்ளிருந்தோ சிரிப்பும் சாம்பார் வாசனையும் வந்தன. தாண்டவராயர் மெதுவாக நழுவிப்போய்க் கதவைத் தட்டினார். பவுனம்பாள் எட்டிப்பார்த்தாள்.

"அதிகாரி பேச்சுதான் பேச்சே இல்லையே அய்யா! உண்மை ஏதாச்சும் சொல்லுங்க, அப்ப பேச்சாயிடும்."

அமைச்சர் கதவருகே குனிந்தார். "மன்னர்தான் தும்மினார். பதவிக்குப் பயந்து உன்மேல பழி போட்டேன், தாயி."

கதவு திறந்தது. அத்தை அவருக்கும் ஓர் இலை போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மன்னரே வந்தார், கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"நாம்... நாம்தான் தும்மினோம். வரலாமா?"

"அது ஊருக்கே தெரிஞ்ச கதை ராசா," என்றாள் பவுனம்பாள். "தெரியாததைச் சொல்லுங்க. அந்த ரெண்டாவது மாலை யாருக்கு?"

உள்ளே தாண்டவராயர் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

மன்னர் வாயைத் திறந்தார். இன்றும் திறந்தபடியே வாசலில் நிற்கிறார். உள்ளே அவருக்கும் ஓர் இலை போட்டே வைத்திருக்கிறார்கள்.