கையேட்டின் பதினோராம் பக்கம்

மனிதகுலத்தின் சாதனைகள் மூன்று. நெருப்பை மூட்டியது ஒன்று, சக்கரத்தை உருட்டியது இன்னொன்று, வீட்டை விட்டு நகராமலே அலுவலகத்துக்குப் போனது மூன்றாவது. முதல் இரண்டையும் செய்த புண்ணியவான்கள் யாரென்று தெரியாது. மூன்றாவதைக் குறையில்லாமல் செய்துகாட்டியவரை நமக்குத் தெரியும். அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் வரைகலை வடிவமைப்பாளர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் "இம்மி இடது பக்கம் தள்ளணும்" என்று சொல்லிச் சொல்லியே 'இம்மி' என்று பெயர் வாங்கியவர். அவருடைய பெருமைக்கு அந்தப் பெயர் போதாது என்பதால் நாம் இம்மியார் என்போம்.

இம்மியாரின் வீட்டில் அறைகள் இரண்டு. ஒழுங்காகச் சாத்தும் கதவு ஒன்றுக்குத்தான். மற்றதன் கதவு ஈரத்தில் உப்பி, பாதிக்கு மேல் நகராது. 'இனி வீட்டிலிருந்தே வேலை' என்று நிறுவனம் அறிவித்த அன்றே, சாத்தும் அறை 'பணி நிலையம்' ஆயிற்று. அங்கிருந்த கட்டில், துணி அலமாரி, ஆறு வயது மகள், மகளின் பொம்மைகள் ஆகியோர் மற்ற அறைக்கு 'இடமாற்றம்' செய்யப்பட்டனர். மனைவி ஏற்கெனவே சமையலறையில் பணியமர்த்தப்பட்டிருந்ததால் அவருக்குத் தனி ஆணை தேவைப்படவில்லை.

முதல் வாரத்திலேயே உழைப்பு கரை புரண்டது. கதவில் மாட்ட 'பணி நடைபெறுகிறது' என்றொரு பலகை வேண்டியிருந்தது. சாதாரண ஆளாக இருந்தால் தாளில் கிறுக்கி ஒட்டியிருப்பான். இம்மியார் பதினான்கு வகைச் சிவப்பை ஒப்பிட்டுப் பார்த்து, பதினைந்தாவதைத் தாமே கலந்து, நான்கே நாளில் முடித்தார். அடுத்தது கால அட்டவணை. ஒன்பது முதல் ஒன்பதரை வரை 'மன ஒருமுகம்'. ஒன்பதரை முதல் பத்து வரை 'அட்டவணையைப் பார்வையிடல்'. மாலையில் ஒரு மணி நேரம் 'அட்டவணையை மேம்படுத்தல்'. இடையில் கிடைத்த நேரத்தில் படமும் வரைந்தார்.

கணினித் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் வேலை செய்கிறார் என்று நிறுவனம் நம்பியது. இம்மியாரின் புள்ளி அணைந்ததே இல்லை. காலைக் கூட்டத்தில் மேலாளர் உருகிவிட்டார்.

"நம்ம இம்மியப் பாருங்கப்பா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலகூட பச்சை எரியுது. எப்படி முடியுது உங்களால?"

"சாப்பாடு உள்ளயே வந்துடும் சார்," என்றார் இம்மியார் அடக்கமாக.

"காப்பி?"

"அதுவும் வந்துடும் சார்."

"இதைத்தான் நான் சிஸ்டம்னு சொல்றேன்! எல்லாரும் வீட்ல இந்த மாதிரி ஒரு சிஸ்டம் வச்சுக்கணும்."

அந்தச் 'சிஸ்டம்' அப்போது வெளியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே, 'வீட்டிலிருந்தே வெற்றி' என்ற கையேட்டை வடிவமைக்கும் பொறுப்பு இம்மியார் தலையில் மகுடமாக வைக்கப்பட்டது. பன்னிரண்டு பக்கம். அச்சிட்டு ஊழியர் அனைவருக்கும் அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை கடைசி நாள். வாசகம் எழுதும் பிரிவு பதினொரு பக்கங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. பதினோராம் பக்கம் மட்டும் வரவில்லை. அதன் தலைப்பு 'குடும்பத்தின் ஒத்துழைப்பு'.

"அது ஆழமான சப்ஜெக்ட் சார், யோசிச்சிட்டிருக்கோம்," என்றார் வாசகப் பிரிவின் தலைவி. "நீங்க எதையாவது போட்டு டிசைன ஆரம்பிங்க."

இந்தத் தொழிலில் அதற்கொரு வழக்கம் உண்டு. உண்மையான வாசகம் வரும்வரை, பக்கத்தில் எழுத்து எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதற்காக எதையாவது நிரப்பி வைப்பார்கள். பிறர் அகர வரிசையைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். இம்மியார் தரம் பார்ப்பவர். மனிதர் பேசும் பேச்சில்தான் குறிலும் நெடிலும் கொம்பும் காலும் அளவாகக் கலந்து வருகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. அதனால் காதில் விழுவதை விழுந்தபடியே தட்டச்சு செய்வார். விழுந்தது என்ன என்று மட்டும் பார்க்க மாட்டார். பார்த்தால் மனம் எழுத்தின் வடிவை விட்டுப் பொருளின் பின்னால் போய்விடும். அது கலைக்கு ஆகாது.

வியாழக்கிழமை காலை மனைவி கதவருகே வந்து நின்றார். குழந்தை பிறக்கும்வரை ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துநராக இருந்தவர் அவர்.

"என்னங்க, வர்ற புதன்கிழமை பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. வீட்ல இருந்தே பாக்கற வேலை. கேமரால பேசணும். ஒரு மணி நேரம் இந்த ரூம் வேணும்."

"ம்," என்றார் இம்மியார், விரல்கள் ஓட ஓட.

இந்த 'ம்' குறித்து இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒப்புதல், மறுப்பு, ஆறுதல், வாழ்த்து எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. இதைக் கையாளத் தொடங்கிய பிறகு, மனைவியோடு பேசுவதற்கு இம்மியார் செலவிடும் நேரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு விநாடியாகச் சுருங்கியிருந்தது.

சனிக்கிழமை மனைவி மறுபடியும் வந்தார். "புதன்கிழமை ஞாபகம் இருக்கில்ல? ஆறு வருஷம் கழிச்சு இப்பதான் ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. அந்த ரூம் கதவு சாத்தாது. பாப்பா உள்ள வந்துடுவா."

"ம்."

திங்கட்கிழமை குரல் சற்று இறங்கியிருந்தது. "ஒரே ஒரு மணி நேரந்தாங்க. அப்புறம் கேக்கவே மாட்டேன். காதுல விழுதா?"

"ம்."

ஆனால் இம்மியாரின் விரல்கள் நின்றுவிட்டன. 'அப்புறம் கேக்கவே மாட்டேன்' என்ற மூன்று சொற்களும் பத்தியில் அத்தனை அழகாக உட்கார்ந்திருந்தன. அவர் அதைப் பிரித்தெடுத்து, பெரிய எழுத்தாக்கி, பக்கத்தின் நடுவே ஆரஞ்சு நிறப் பெட்டிக்குள் வைத்தார். இம்மி இடது பக்கம் தள்ளினார். மனம் நிறைந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை பதினோராம் பக்கத்தின் உண்மையான வாசகம் வந்து சேர்ந்தது. நிரப்பி வைத்திருந்ததை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தார். அப்போது அவருடைய கணினியில் 'கையேடு இறுதி', 'கையேடு இதுதான் இறுதி', 'கையேடு இனிமேல் தொடக் கூடாது' என்று மூன்று கோப்புகள் இருந்தன. வாசகம் சேர்ந்தது மூன்றாவதில். அவர் அனுப்பியது இரண்டாவதை. ஒன்பது உயர் அலுவலர்கள் ஆறு நிமிடத்தில் படித்து ஒப்புதல் தந்தார்கள். "பதினோராம் பக்கம் நெஞ்சைத் தொட்டுடுச்சு, எங்க டீம் உழைப்பு வீண் போகல," என்று வாசகப் பிரிவின் தலைவி எழுதினார்.

புதன்கிழமை பத்து மணிக்கு, கையேடு முடிந்ததைக் கொண்டாடத் திரையில் வெற்றிக் கூட்டம். இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு மெல்லத் திறந்தது. மனைவி தலை வாரி, இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்தி, மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"என்னங்க, மணி பத்தாகப் போகுது."

இம்மியார் திரும்பாமலே ஒற்றை விரலால் கதவிலிருந்த பலகையைக் காட்டினார். கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் உள்ள கதவு அந்த வீட்டில் இன்னொன்று இருந்தது. குளியலறைக் கதவு. சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சுக் குரல் வந்தது.

"இம்மி, உங்க பக்கம் யாரோ பேசற மாதிரி இருக்கே?" என்றார் மேலாளர்.

"சாரி சார். வீட்ல இருக்கறவங்க. இப்ப நிறுத்திடறேன்."

கைப்பேசியை எடுத்து, 'மீட்டிங். சத்தம் வேண்டாம்' என்று மனைவிக்கு அனுப்பினார். குரல் தணிந்தது. கொஞ்ச நேரத்தில் மகள் குளியலறைக் கதவைத் தட்டத் தொடங்கினாள். "அம்மா, அவசரம்மா! கதவத் திறம்மா!" அதன் பிறகு அந்தப் பக்கம் பேச்சே கேட்கவில்லை. குடும்பத்தின் ஒத்துழைப்பு என்றால் இதுதான் என்று இம்மியாருக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அச்சான கையேடும் ஒரு கடிதமும் வந்தன. 'சிறந்த இல்லப் பணிச் சூழல்' என்ற விருது இம்மியாருக்கு. அவர் அட்டவணையை மீறிச் சமையலறைக்கே போனார்.

"இந்தா, பாரு. எப்படி வந்திருக்கு?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அச்சிட்ட எதையும் முதல் எழுத்திலிருந்து படித்தால்தான் அவருக்கு ஆகும். நின்றபடியே படித்துக்கொண்டு வந்தார். பதினோராம் பக்கத்தில் கண் நின்றது.

"இந்தப் பக்கத்த நீங்க படிச்சீங்களா?"

"நான்தானே டிசைன் பண்ணேன். அந்த ஆரஞ்சுப் பெட்டியப் பாரு, என்னமா நிக்குது!"

"படிச்சீங்களான்னு கேட்டேன்."

இம்மியார் படித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, தாம் வடிவமைத்த ஒன்றை வரி வரியாகப் படித்தார்.

"பிழை ஒண்ணுகூட இல்லைங்க," என்றார் மனைவி. "நான் சொன்னத ஒரு எழுத்து விடாம அடிச்சிருக்கீங்க."

இம்மியாருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயில் முதலில் வந்தது வேறு.

"ஆபீஸ்ல யாராவது படிச்சிருப்பாங்களோ?"

"பயப்படாதீங்க. யாரும் படிச்சிருக்க மாட்டாங்க."

"அந்த இன்டர்வியூ... என்ன சொன்னாங்க?"

மனைவி மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். இம்மியார் பிரித்தார். 'தங்கள் பிழை திருத்தும் திறன் எங்களுக்கு முழு நிறைவளித்தது. எனினும், தங்கள் வீட்டில் பணிபுரிவதற்கேற்ற சூழல் அறவே இல்லை என்பதை நேர்காணலின்போது நேரடியாக அறிந்தமையால், தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை.'

விருதுக் கடிதம் வந்த உறையையும் இந்த உறையையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு உறைகளிலும் வீட்டு எண் ஒன்றுதான்.