ராஜபாதையில் ஒரு வால்வு

டெல்லியில் நாடாளுமன்றத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். பார்த்திருக்கிறேன். சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு காவலர் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்த நிலையில் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை. நான் டிப்ளமோ முடித்து வேறொரு பட்டறையில் சூப்பர்வைசர். முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தவர், "டெல்லில பம்ப்செட் கண்காட்சிக்குப் போறனுங்க. தம்பியும் வரட்டும்" என்று சொல்லியனுப்பினார். பையனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. (பெண்ணின் போட்டோ அதற்குள் என் பர்ஸுக்குள் போயிருந்தது.) உலகம் தெரிந்தவன் என்று காட்ட, ரயிலிலேயே ஒரு சுற்றுலாப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன்.

ராஜபாதையில் இறங்கியதும் மலைத்துவிட்டேன். அவ்வளவு அகலச் சாலை, அவ்வளவு பெரிய கட்டடங்கள். சத்தமாகத் தும்மினால்கூட யாராவது வந்து விசாரிப்பார்கள் போலிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "வட்டமாத் தெரியுதுங்களே, அதுதானுங்க பார்லிமெண்ட். சுத்தி நூத்தி நாப்பத்தி நாலு தூணுங்க."

"தம்பி, பேரிங் போயிருச்சுங்களா?" என்றார் அவர்.

காது கொடுத்தேன். புல்வெளி ஓரத்தில், நீரூற்றுக்குத் தண்ணீர் தள்ளும் மோட்டார் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர்க்காரர்களை எந்தக் கோட்டைக்கு முன்னால் நிறுத்தினாலும் மோட்டார் சத்தம்தான் முதலில் கேட்கும். தூண்களை மறந்து, இருவரும் அங்கே போய்க் குனிந்தோம்.

"பேரிங் இல்லைங்க, வால்வு மூடியிருக்குதுங்க. ரெண்டு சுத்து திருப்புனாச் சரியாப் போயிருமுங்க" என்றேன், டிப்ளமோ திமிரில். பைப் இணைப்பைக் கழற்றி வைத்திருந்ததால்தான் மூடியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சொல்லிவிட்டு நான் சும்மாதான் நின்றேன். அவர் கை சும்மா இருக்கவில்லை. திருப்பிவிட்டார்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதலில் என்மேல், பிறகு ஓடி வந்த காவலரின் மொடமொட இஸ்திரிமேல். அவர் இந்தியில் கத்தினார். யார் செய்தது என்று கேட்கிறார் என்பது புரிய இந்தி தேவைப்படவில்லை. நாற்பது பேருக்கு முதலாளியான மனிதர், முகம் வெளிறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இவ்வளவு நேரம் பார்க்காத தூண்களைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் தூண்களைப் பார்த்திருக்கலாம். ஆனால் பர்ஸுக்குள் போட்டோவும் நனைந்துகொண்டிருந்தது.

"நான்தானுங்க" என்றேன். காலர் உடனே பிடிபட்டது.

அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது. கையைக் கூப்பிக் காவலரிடம் கெஞ்சினார்: "உட்டுருங்க சார். தெரியாமச் செஞ்சுபோட்டாருங்க. நம்ம மாப்ளைங்க!"

காவலருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் என் கல்யாணச் செய்தியை முதலில் கேட்டவர் அவர்தான். அரை மணி நேரம் திட்டி அனுப்பினார்.

ஊர் திரும்பியதும் மாமா, "நம்ம மாப்ள டெல்லில வால்வைத் திருப்பிப்போட்டாரு" என்று சிரித்துச் சிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். உண்மையைச் சொல்லத் தாலி கட்டும்வரை பொறுத்திருந்தேன். அதற்குள் கதை உறவு முழுக்கப் பரவி, நாடாளுமன்றமே நனைந்துவிட்டிருந்தது.

போன வருடம் ஒரு விசேஷத்தன்று, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பைப் பிடுங்கிக்கொண்டு அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எண்பது வயது மாமா, தொப்பலாக நனைந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து என் மனைவி கத்தினாள்: "ஏனுங்க, உங்க கை சும்மாவே இருக்காதுங்களா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் தென்னையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் அம்மணி" என்றேன்.