பச்சைச் சுவருக்கு ஒரு பட்டயம்

கடலுக்கு மரியாதை செய்வதில் மனிதகுலம் எட்டிய உச்சம் எது என்று யாராவது கேட்டால், மாலத்தீவில் எங்கள் தீவின் மேற்குக் கரையைக் கைகாட்டுங்கள், கண்மணிகளே. அங்கே நிற்பதுதான் 'சுவடு விடாத' சொகுசு விடுதி. அதன் பிறப்பைப் பக்கத்திலிருந்து பார்த்த பெருமை எனக்கு உண்டு. மகளிர் குழுவின் செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்புகளை எழுதியவளே நான்தான்.

வடிவமைப்பாளர் நஷ்வான் மாலேயிலிருந்து ஜனவரியில் வந்தார். வடகிழக்குக் காற்றுக் காலம்; எங்கள் ஊரில் அது மழையில்லாத பருவம். மேற்கே மணல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். "மணலுக்கு வலிக்கக் கூடாது" என்றார். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார். கூரைக்கு ஓலை. பிளாஸ்டிக் ஓலை.

என் பக்கத்து வீட்டு வதீஃபா, இத்தனை காலமும் தென்னோலை பின்னியவள், கையைத் தூக்கினாள். "ஏன் தம்பி, நம்ம ஓலைக்கு என்ன குறைச்சல்?"

"அது மூணு வருஷத்துல மக்கிடும்க்கா. இது நானூறு வருஷம் அப்படியே இருக்கும். நிலைச்சு நிக்கிறதுதானே நம்ம கொள்கை?"

கைதட்டினோம். வதீஃபா கையை இறக்கவில்லை.

"இன்னொண்ணு. மழைக்காலத்துல மணல் கிளம்பி எங்க பக்கம் வந்துடுமே. அப்ப உங்க விருந்தாளிங்க எங்க படுப்பாங்க?"

மணல் ஆறு மாதம் மேற்கே, ஆறு மாதம் கிழக்கே என்று தீவைச் சுற்றிவருவது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் அதைத் தாளில் எழுதி வைத்ததில்லை. தாளில் இல்லாததை நஷ்வானால் நம்ப முடியவில்லை. சிரித்தார். சூடான மீன் பஜியா வந்துகொண்டிருந்ததால் நாங்களும் சிரித்தோம். நான் எழுதினேன்: 'பொதுமக்கள் தம் கருத்துகளை உற்சாகமாகப் பகிர்ந்துகொண்டனர்.'

விடுதி எழுந்தது. ஜூனில் மழையோடு தென்மேற்குக் காற்று வந்தது. மணல் கிளம்பிவிட்டது. வெயில் காயப் போட்ட நாற்காலிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மணலெல்லாம் கிழக்கே, வதீஃபாவின் சமையல் குடிசைக்குப் பின்னால்.

நஷ்வான் ஓடிவந்தார். "அக்கா, எங்க மணல் உங்க வீட்டுப் பின்னாடி இருக்கு!"

"இருக்கும். காத்து திரும்பினா உங்ககிட்டயே வந்துடும்."

"எங்க திட்டத்துல மணல் நகர்றதுக்கு அனுமதியே இல்லையே?"

"அதை மணல்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா? படிக்காததுப்பா, பாவம்."

பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "தம்பி, இது எங்களுக்குப் படுத்துக்கிற மணல் இல்ல. வடகிழக்குக் காத்துல வர்ற அலை முதல்ல இதைத்தான் தின்னும். இது இல்லேன்னா என் அடுப்பைத் தின்னும். கை வெச்சிடாதே."

இதையும் விடாமல் எழுதினேன்: 'மணல் தொடர்பாக நல்லுறவுப் பேச்சு நடந்தது.'

டிசம்பரில் மணல் சொன்ன சொல் தவறாமல் மேற்கே திரும்பியது. வந்த மணலை விடுதிக்காரர்கள் கடலுக்குள் கான்கிரீட் சுவர் எழுப்பி மடக்கிப் போட்டார்கள். இதற்கு 'மணல் பாதுகாப்பு' என்று பெயர். பசுமைத் திட்டம் அல்லவா, சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். ஆமைகள் கரையேற வழியில்லாமல் போனதால், ஒரு பெரிய ஆமையைச் சுவரிலேயே வரைந்தும் விட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் கிழக்கே மணல் வரவில்லை. மழை ஓய்ந்து டிசம்பரில் வடகிழக்குக் காற்று மட்டும் நேரத்துக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பகல் தொழுகை முடிந்து பார்த்தால், வதீஃபாவின் சமையல் குடிசையைக் காணவில்லை. அடுப்பு, அம்மி, நாற்பது வருடம் மீன் சாறு காய்ச்சி விற்ற அண்டா, எதுவுமே இல்லை.

மறுவாரம், சிறந்த பசுமை விடுதிக்குப் பரிசு கொடுக்கும் குழு வந்தது. கிழக்குக் கரையைக் கண்ட தலைவர் உருகிவிட்டார்.

"கரையோரத்துல ஒரு கட்டடம்கூட இல்லையே! என்ன கட்டுப்பாடு!"

"போன வெள்ளிக்கிழமை வரைக்கும் என் சமையக்கட்டு இருந்துச்சுங்க" என்றாள் வதீஃபா.

"ஓ, நீங்களே எடுத்துட்டீங்களா?"

"கடல் எடுத்துச்சு. எடுத்துக் குடுத்தவரு இவரு." நஷ்வானைக் காட்டினாள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "குறிப்புல என்ன இருக்கு?"

இருந்ததைப் படித்தேன். உற்சாகம். நல்லுறவு. வேறு ஒன்றும் அதில் இல்லை.

"நல்லா படிச்சேக்கா" என்றாள் வதீஃபா. "பஜியா ஆறிடப்போகுது, போய்ச் சாப்பிடு."

முதல் பரிசு கிடைத்தது. பட்டயத்தைப் பச்சைச் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மணல் பத்திரமாக இருக்கிறது. கிழக்கே வதீஃபா மூன்று கல்லைக் கூட்டி, திறந்தவெளியில் மீன் சாறு காய்ச்சுகிறாள். பட்டயத்தின் அடியில் பொடி எழுத்தில், 'ஆதாரம்: மகளிர் குழுவின் கூட்டக் குறிப்புகள்' என்று போட்டு, என் கையெழுத்தையும் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள்.

சுவடே விடாத அந்த விடுதியில் அழிக்க முடியாத சுவடு அது ஒன்றுதான், கண்மணிகளே.