பாறணைக்கு முன் ஒரு பிரசங்கம்

ஒருவரையும் மனந்திருப்பாத ஊழியக்காரன் யார் என்று போட்டி வைத்தால் முதற்பரிசு எனக்குத்தான். திருப்பாதது மட்டுமில்லை, ஒருவரை மயக்கம் போட்டு விழவும் வைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மூன்று நாள் சீடத்துவப் பயிற்சி முகாம் முடித்துத் தொண்டைமானாற்றுக்குத் திரும்பியிருந்தேன். கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம், கழுத்தில் டை (நானாகக் கட்டிக்கொண்டது). ஒரு கிழமைக்குள் ஒருவருக்காவது விசுவாசத்தைச் சொல்லவேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஆறு நாள் துணிவு வரவில்லை. ஏழாம் நாள் காலை, அதிகம் நடக்கத் தேவையில்லாத ஆளாகப் பார்த்து, பக்கத்து வீட்டுச் சரசு அன்ரியைத் தெரிவுசெய்தேன். நாங்கள் வேதக்காரர், அன்ரி சைவம். அம்மாவின் இருபது வருடச் சிநேகிதி. இரண்டு வீட்டாரும் போய்வர வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு பொட்டு விட்டிருந்தோம்.

அன்று கந்தசஷ்டி முடிந்த மறுநாள். ஆறு நாள் மிளகும் தண்ணீருமாக விரதமிருந்தவர்கள் விடிய எழும்பிச் சமைத்து, படைத்து, விரதம் முடிக்கும் பாறணை. அந்த நேரம் யார் வந்தாலும் அவருக்கு முதல் இலை போட்டபிறகுதான் அன்ரி தன் வாயில் சோறு வைப்பார். இது எனக்குத் தெரியாததில்லை. சின்ன வயதில் அந்த முதல் இலைக்காகவே பொட்டுக்குள்ளால் ஓடியவன் நான்.

"வாரும் தம்பி, நல்ல நேரம் வந்தீர். இருந்து சாப்பிடும்."

"இல்லை அன்ரி, படைச்ச சாப்பாடு நான் இப்ப சாப்பிடுறேல்லை." (முகாமில் இப்படி யாரும் சொல்லித்தரவில்லை. இதுவும் என் சொந்தச் சேர்க்கை.)

அன்ரியின் முகம் வாடியது. "அப்ப ஒரு வாழைப்பழமாவது?"

"முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

உலகம் உண்டானதிலிருந்து தொடங்கினேன். முக்கால் மணித்தியாலமாகியும் நோவாவின் வெள்ளம் வரைதான் வந்திருந்தேன். அன்ரி கதவு நிலையைப் பிடித்தபடி "ஓம் தம்பி... ஓம்" என்றுகொண்டு நின்றார். குசினியிலிருந்து கத்தரிக்காய்ப் பால்கறி மணத்தது. என் வயிறு கத்தியது. அது கேட்கக்கூடாதென்று இன்னும் உரத்துக் கதைத்தேன்.

"இப்ப உங்களுக்காகச் செபிக்கப்போறன்" என்று கையை நீட்டினேன். அன்ரிக்குக் கண் சொருகியது. மெல்ல ஆடினார். அப்படியே சரிந்தார்.

செபத்தின்போது இப்படி விழுந்தவர்களை நான் முகாமில் கண்டிருக்கிறேன். முதல் ஊழியத்திலேயே ஆவியின் அபிஷேகமா! இரண்டு கையையும் தூக்கி, அயலெல்லாம் கேட்க "அல்லேலூயா!" என்று கத்தினேன்.

சத்தத்துக்கு அம்மா ஓடி வந்தார். (ஓடக்கூடாதவர். சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமைதான்.)

"பசியிலை விழுந்த மனுசிக்கு அல்லேலூயாவோ? தண்ணியைக் கொண்டாடா!"

முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்ததும் அன்ரி கேட்ட முதல் கேள்வி, "தம்பி சாப்பிட்டவரோ?"

அம்மா அழத் தொடங்கிவிட்டார். "உவள் ஆருக்காகப் பட்டினி கிடந்தவள் எண்டு தெரியுமோ உனக்கு? என்ரை ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சால் ஆறு நாளும் தண்ணியோடை இருக்கிறன் எண்டு சன்னிதி முருகனுக்கு நேர்ந்தவள்."

பிறர் பாரத்தைச் சுமப்பது பற்றி முகாமில் நான் நாலு பக்கம் குறிப்பெழுதியிருந்தேன். அம்மாவுக்காக ஒரு நேரச் சோற்றையும் விட்டதில்லை. அன்று பட்ட வெட்கம் இன்றும் போகவில்லை. டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு முதல் இலையில் இருந்தேன். நான் ஒரு வாய் வைத்தபிறகுதான் அன்ரி சாப்பிட்டார்.

அதன்பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது பசிக்குது என்றால், மற்றவர்கள் இரண்டு கையையும் தூக்குவார்கள். என் மகளும் தூக்குகிறாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடப் பாறணையில், இலை போட்டுக்கொண்டே அன்ரி கேட்டார், "தம்பி, அண்டைக்கு வெள்ளத்தோடை நிண்டிட்டுது. உண்மையிலை என்ன சொல்ல வந்தனீர்?"

கேலியில்லை. அறியத்தான் கேட்டார். என் வாழ்நாளில் அப்படி என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"சொல்லுறன் அன்ரி. முதல் நீங்கள் சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்டு முடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பிறகு சொல்லலாம் என்று எழும்பி வந்துவிட்டேன். அடுத்த கந்தசஷ்டிக்கு அன்ரி இல்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார்தான் சமைத்துக் கொடுப்பார்கள். அம்மாவும் நானும் சோறு கறி சமைத்துப் பொட்டுக்குள்ளால் கொண்டுபோனோம். அன்ரியின் மகன் குமரன் அண்ணை வேண்டாமென்று தலையாட்டினார்.

"முதல் சாப்பிடுங்கோ அண்ணை" என்றேன். சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.

அழுது வீங்கிய கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்லாட்டி அல்லேலூயா சொல்லிப்போடுவீரோ?" என்றார். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டார்.